பதிலுரைப் படிவத்தைத் தமிழில் கொடு!

(சங்கத்தின் வட்டப் பேரவையில் செயலாளர் ஆற்றிய உரை)



தண்ணிக்கும் மின்சாரத்துக்கும் கொள்முதல் விலைக்கும் நாம் போராடாத வருஷம் கிடையாது. இன்றைக்குப் பேச வந்தது ஒரு காகிதத்தைப் பற்றி. ஒரு காகிதத்துக்கா இவ்வளவு நேரம் என்று யாருக்காவது தோன்றினால், சம்மன் வந்த வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

நம்ம பக்கத்தில் ஒரு விவசாயி. உரக்கடையில் கடனுக்கு உரம் வாங்கினார். கரும்புப் பணம் வர வர மூன்று தவணையாகக் கட்டி முடித்தார். மூன்று சீட்டும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. கடை கைமாறியது. புதிதாக வந்தவர் பழைய நோட்டைப் பார்த்து முழுத் தொகைக்கும் தாவா போட்டுவிட்டார். அமீனா வந்து சம்மனைக் கொடுத்தார். "கட்டின பணத்துக்கு நான் எதுக்குக் கோர்ட்டு ஏறணும்?" என்று இவர் அந்தச் சம்மனையும் அதே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கையிலும் அப்போ வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. வாய்தா தேதிக்கு ஆள் வரவில்லை, பதிலும் வரவில்லை. எக்ஸ்பார்ட்டி! ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. சம்மனும் ரசீதும் ஒரே பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது, அந்த மனுஷன் கடன்காரன் ஆகிவிட்டார்.

அதோடு போச்சா? ஜப்திக்கு வரப்போறாங்கன்னு யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து, உழவு மாட்டு ஜோடியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட்டு கருதுகிற மாடு, விதைத் தானியம், அவர் குடியிருக்கிற வீடு, இவற்றைப் பணக்கடன் தீர்ப்புக்காக ஜப்தி செய்ய முடியாது. (நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அடமானம் வைத்த சொத்தின் கதையும் வேறு. அதையும் ஞாபகம் வையுங்கள்.) இதை அவருக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை, ஒரு துண்டுத்தாள் இல்லை.

இப்போ சம்மன் விஷயத்துக்கு வருவோம். சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலமாகப் பதிலுரை கொடுக்க வேண்டும். கோர்ட்டு காரணம் பார்த்து 90 நாள் வரை நீட்டலாம். அதற்கு மேலும், அபூர்வமான சந்தர்ப்பத்தில் கோர்ட்டு அனுமதிக்கலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நம்பித் தூங்கக்கூடாது. புரோநோட்டு மாதிரி சில பண வழக்கில் சுருக்க நடைமுறை என்று ஒன்று உண்டு, அதில் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினால் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போகலாம். வீட்டில் இருக்கிற வயது வந்தவர் வாங்கினாலும் நாம் வாங்கின மாதிரிதான்.

சம்மன் படிவத்தின் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. கடனை ஒத்துக்கொண்டால் செலவோடு சேர்த்துப் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிடு என்கிறது. சரி, ஒத்துக்கொள்ளாதவன் என்ன எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும்? அது மட்டும் அங்கே இல்லை! பணம் கட்ட வழி காட்டுகிறவர்கள் பதில் சொல்ல வழி காட்டவில்லை.

மாதிரியே இல்லையென்றால் கூடப் பரவாயில்லை, இருக்கிறது. 1908-ல் வெள்ளைக்காரன் ஆட்சியில் போட்ட அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் கடைசியில், முதல் அனுபந்தத்தில், பதிலுரைக்கு மாதிரிப் படிவங்கள் இருக்கின்றன. சரக்குக் கடன் வழக்குக்கு என்ன பதில்? நான் அந்தச் சரக்கைக் கேட்கவில்லை. அது என்னிடம் வந்து சேரவில்லை. விலை அவ்வளவு இல்லை. பணம் கொடுத்தாகிவிட்டது. வழக்கு காலாவதியாகிவிட்டது. எது பொருந்துமோ அதை எழுது. இவ்வளவுதான் விஷயம். எட்டாவது படித்த பிள்ளை எழுதிவிடும். நூறு வருஷத்துக்கு மேலாகச் சட்டப் புத்தகத்துக்குள் பூட்டிக் கிடக்கிற இந்த நாலு வரியை, சம்மனின் முதுகில் தமிழில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் நம்ம ஆள் மாட்டை விற்றிருப்பாரா?

நாங்கள் வக்கீல்களுக்கு எதிரி இல்லை. காசு வாங்காமல் நமக்காக வாதாடின வக்கீல்கள் இந்த வட்டத்திலேயே இருக்கிறார்கள், அவர்களை மறக்க மாட்டோம். சிக்கலான வழக்குக்கு வக்கீல் வேண்டும்தான். ஆனால் கட்சிக்காரர் தானே நேரில் ஆஜராகலாம் என்று அதே சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. தாவா போடுகிறவர்தான் தொகைக்கேற்ற கோர்ட் பீஸ் கட்டணும், பதில் மட்டும் சொல்றவருக்கு அந்தச் சுமை கிடையாது. உரிமை இருந்தும் படிவம் இல்லையென்றால், கிணறு வெட்டிவிட்டுக் கயிறு கொடுக்காத கதைதான்.

பிராது சில நேரம் இங்கிலீஷில் வருது. தமிழில் வந்தாலும் வாதி, பிரதிவாதி, பரிகாரம் என்று அது ஒரு தனித் தமிழ். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் நடக்கவேண்டும் என்று ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-லேயே திருத்தம் கொண்டு வந்தாகிவிட்டது. கோர்ட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, இ-பைலிங் வந்தது, நமக்குப் புரிகிற தமிழ்ப் படிவம் கவுண்டருக்கு வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 2005-ல் வந்த சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கட்டினால் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அந்த அதிகாரியே உதவ வேண்டும் என்று சட்டத்திலேயே போட்டிருக்கிறது. தாலுகா ஆபீசில் முடிவது முன்சீப் கோர்ட்டில் ஏன் முடியாது?

இதற்காகப் பார்லிமெண்ட் வரைக்கும் போகவேண்டியதில்லை. சிவில் நடைமுறை விதிகளையும் படிவங்களையும் திருத்த உயர் நீதிமன்றத்துக்கே 122-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது, மாநில அரசு ஒப்புதல் தரவேண்டும். ஆகவே நாம் கேட்பது இரண்டு பேரிடமும். சம்மனோடு தமிழில் பதிலுரைப் படிவம் வரவேண்டும். கடைசித் தேதி என்னிக்கு என்று பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யும் மனுவும், ஜப்தி விலக்கு மனுவும் கவுண்டரில் இலவசமாகக் கிடைக்கவேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தர ஒரு ஊழியர் உட்காரவேண்டும்.

அது வரும் வரைக்கும் சும்மா இருக்க முடியாது. கோர்ட்டு வளாகத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்பது 1987 சட்டம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம். ஏற்கெனவே எக்ஸ்பார்ட்டி ஆனவர்கள் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ரத்து மனு போடவேண்டும். சம்மனே முறையாக வரவில்லையென்றால் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து 30 நாள். தாண்டிவிட்டாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு போட இடமிருக்கிறது, உடனே வாருங்கள்.

கையெழுத்துத் தாள் கிளைச் செயலாளர்களிடம் கொடுத்திருக்கிறோம். வீடு வீடாகப் போகும்போது கையெழுத்து மட்டும் வாங்கிவிட்டுத் திரும்பாதீர்கள். சம்மன் ஏதாவது வந்திருக்கா, பெட்டியைத் திறந்து பாருங்கன்னு கேளுங்கள். இருந்தால் அது வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே அவரையும் காகிதத்தையும் ரசீதுகளையும் சங்க ஆபீசுக்குக் கூட்டி வாருங்கள்.