கோஸ்டர் குடிச்ச தண்ணி எங்க போச்சு?

இன்னைக்கு நான் செஞ்சு வித்த ஒரு பொருளைப் பத்திப் பேசப்போறேன். சரியா சொல்லணும்னா, அந்தப் பொருள்ல நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தி.

நான் மண் பாத்திரம் பண்றவ. சென்னையில, மொட்டை மாடி ரூம்ல ஒரு சின்ன கரண்ட் சூளை வெச்சிருக்கேன். முதல்ல விக்க ஆரம்பிச்சது கோஸ்டர்தான். தட்டையா இருக்கும், சூளையில நிறைய அடுக்கலாம், விலையும் யாரையும் பயமுறுத்தாது. கிளேஸ் போடாத வெறும் சுட்ட மண். 'தண்ணியை உறிஞ்சும், டேபிள்ல வட்டம் விழாது'ன்னு ரீல்ஸ் போட்டேன். அதுல ஒரு சொட்டுத் தண்ணி விட்டா சட்டுனு காணாமப் போகும். பார்க்க அவ்வளவு திருப்தியா இருக்கும். அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு நானும் யோசிக்கல, வாங்கினவங்களும் கேட்கல.

முதல் செட் வாங்கினது எங்க பில்டிங்ல கீழ்வீட்டு அக்கா. அவங்க வீட்டுல ஒரு தேக்கு மேஜை இருக்கு. அவங்க அப்பா ஆசாரியை வீட்டுக்கே வரவழைச்சுச் செய்யச் சொன்னது. அப்பா இப்ப இல்ல. ஜூன்ல கோஸ்டர் வாங்கினாங்க. நவம்பர் மழையில ஒருநாள் போன் பண்ணி, "ஒரு நிமிஷம் கீழ வந்துட்டுப் போம்மா"ன்னாங்க. போனேன். ஒண்ணும் பேசாம கோஸ்டரைத் தூக்கிக் காட்டினாங்க. அடியில, அதே அளவுக்கு ஒரு வட்டம். ஓரத்துல வெள்ளை, நடுவுல கறுப்பு. மேஜையில வேற எங்கயும் ஒரு கறைகூட இல்ல. கோஸ்டர் வெச்ச இடத்துல மட்டும்தான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அதுக்கப்புறம்தான் கோஸ்டர்னா என்னன்னே படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல டம்ளர் ஏன் வேர்க்குது? காத்துல இருக்கிற ஈரம், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழ இருக்கிற எதைத் தொட்டாலும் தண்ணியா மாறும். அதைப் பனிநிலைன்னு சொல்வாங்க. சென்னையில வருஷத்துல பல மாசம் அது 24, 25 டிகிரி. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தண்ணி அதைவிட ரொம்பக் குளிர்ச்சி. வேர்க்காம என்ன பண்ணும்? எவர்சில்வர் டம்ளர்னா இன்னும் மோசம், உள்ள இருக்கிற குளிர் அப்படியே வெளிப்பக்கம் வந்துடும். ஆனா மொத்தமா வடியற தண்ணி எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன். ஐஸ் நிறைய போட்டா ரெண்டு. அவ்வளவுதான்.

இப்ப கோஸ்டர் எவ்வளவு குடிக்கும்? என்னோடது 10 சென்டிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் கனம். சமையல் தராசுல காய்ஞ்சபடி எடை போட்டேன், ராத்திரி முழுக்க ஊற வெச்சு மறுபடி போட்டேன். 13 கிராம் கூடியிருந்தது. அதாவது ரெண்டு மூணு டம்ளர் வேர்வையோட வயிறு நிறைஞ்சுடும். காய்ஞ்ச காத்துல அது ஆவியாப் போயிடும். மழைக்காலத்துல காத்தே நனைஞ்சிருக்கும்போது எங்க போகும்? கீழதான். மேஜையோட ஒட்டி இருக்கிற அடிப்பக்கம் காயவே காயாது. மேஜைக்குக் குடை பிடிக்கிறேன்னு சொல்லிட்டு, மாசக்கணக்குல ஈரத்துணி போட்டு வெச்சிருக்கேன்.

வெள்ளையும் கறுப்பும் ஒரே கறை இல்ல, தெரியுமா? பழைய மேஜைங்கள்ல போடுற பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுத் தேய்க்கிறது. ஈரம் அந்தப் பூச்சுக்குள்ள மாட்டிக்கிட்டா வெளிச்சம் சிதறும், வெள்ளையாத் தெரியும். சூடான காபி டம்ளர் வெச்சாலும் இதே வெள்ளைதான். மரத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. கறுப்பு அப்படி இல்ல. பூச்சைத் தாண்டி ஈரம் மரத்துக்கே போயிடுச்சுன்னு அர்த்தம். மரத்துல இருக்கிற டானினும் துளி இரும்பும் ஈரத்துல சேர்ந்தா கறுத்துடும். பாலிஷ் போடுறவர் வந்து பார்த்தார். வெள்ளையை ஸ்பிரிட் பஞ்சால ஒத்தி எடுத்துட்டார். கறுப்புக்கு மேல்பலகை முழுக்கச் சுரண்டி, ஆக்சாலிக் ஆசிட் போட்டு, மறுபடி பாலிஷ் போடணும்னார். செலவு என்னோடதுன்னு சொன்னேன். அக்கா வேணாம்னுட்டாங்க. "அப்பா தேய்ச்ச பாலிஷ், சுரண்ட வேணாம்."

இந்தப் பிரச்சினைக்கு உலகத்துல ஏற்கனவே விடை இருக்கான்னு தேடினேன். ஜெர்மனியில டிரெஸ்டன் நகரத்துக்காரர் ராபர்ட் ஸ்புத், 1892-ல மரக்கூழ்ல பீர் மேட் செய்யக் காப்புரிமை வாங்கினார். நல்லா உறிஞ்சும். ஆனா அதோட சூட்சுமம் உறிஞ்சுறதுல மட்டும் இல்ல, நனைஞ்சதும் தூக்கிப் போடுறதுல இருக்கு. நாள் முழுக்க ஒரே இடத்துல கிடக்கிற பொருளுக்கு அது சரிவராது. அப்புறம் டயாட்டமைட் கோஸ்டர், நுண்ணிய பாசிகளோட ஓடு சேர்ந்து உண்டான மண்ணுல பண்றது. அபாரமா உறிஞ்சும். 2020 கடைசியில ஜப்பான்ல, சில டயாட்டமைட் மேட்டுலயும் கோஸ்டர்லயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னு தெரிஞ்சு கடைங்க திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அதனால மூலப்பொருள் எங்கிருந்து வருதுன்னு தெரியாம அதைத் தொட எனக்கு இஷ்டமில்ல.

கடைசியில விடை எங்க பாட்டி வீட்டுச் சமையலறையிலயே இருந்தது. பிரிமணை. வைக்கோலை முறுக்கி வளையமா சுத்தி, அது மேல பானையை வைப்பாங்க. பானை உருளாம இருக்கத்தான்னு நினைச்சிருந்தேன். தண்ணிப் பானை அடியில எப்பவும் கசியும், அது தரையோட ஒட்டாம நடுவுல காத்துப் போக இடம் வேணும். மண்ணு தண்ணியை விட்டுடும்னு பானை வெச்சிருந்த எல்லாருக்கும் தெரியும். மண்ணுலயே வேலை பார்க்கிற எனக்குத்தான் தோணல!

அப்ப ரெண்டாவது டிசைன். மேல்பக்கம் வெறும் மண், குடிக்கட்டும். ஓரத்துல மெல்லிசா ஒரு விளிம்பு, வழியாம இருக்க. அடிப்பக்கமும் பக்கவாட்டும் கிளேஸ். இங்க ஒரு சிக்கல்: கிளேஸ் போட்ட பக்கம் சூளைத் தட்டுல பட்டா உருகி ஒட்டிக்கும். ரெண்டு மூணு தட்டு பாழாப் போனப்புறம்தான் உறைச்சது, குப்புறக் கவுத்து வெச்சுச் சுட்டாப் போதும்! அப்புறம் கால். மண்ணுலயே மூணு கால் வெச்சுப் பார்த்தேன், கிளேஸ் விட்டுப்போன இடமா பார்த்து அது வழியாவே ஈரம் இறங்குது. சிலிக்கான் பொட்டு ஒட்டினேன். மேஜைக்கும் கோஸ்டருக்கும் நடுவுல 2 மில்லிமீட்டர் இடைவெளி. கார்க் ஒட்டலாமேன்னு கேட்பீங்க. கார்க் ஈரத்தை விடாது, உண்மைதான். ஆனா அடி முழுக்க ஒட்டினா மறுபடி மேஜையோட ஒட்டி உட்காரும், காத்துக்கு வழியில்ல.

கிளேஸ்ல தலைமுடி மாதிரி கீறல் விழுந்தாலும் கசியும். அதனால இப்ப ஒவ்வொரு பேட்ச்லயும் சிலதை நல்லா ஊற வெச்சு, டிஷ்யூ பேப்பர் மேல ஒரு ராத்திரி வெச்சிடுவேன். காலையில பேப்பர் நனைஞ்சிருந்தா அந்த பேட்ச் விக்கிறதில்ல. பாக்ஸுக்குள்ள ஒரு சீட்டும் போடுறேன்: மழைக்காலத்துல ரெண்டு செட்டை மாத்தி மாத்திப் பயன்படுத்துங்க, வாரம் ஒருநாள் நிமிர்த்தி வெச்சுக் காய விடுங்க. ஃபில்டர் காபி சிந்தினா கறை பிடிக்கும், உப்புத்தாள்ல தேய்ச்சா போயிடும். இதெல்லாம் ரீல்ஸ்ல போட்டா யாரும் பார்க்கிறதில்ல. அந்த ஒரு சொட்டு மறையற வீடியோவைத்தான் இன்னும் ஷேர் பண்றாங்க.

பழைய டிசைன் வாங்கின எல்லாருக்கும் மெசேஜ் போட்டு மாத்திக் கொடுத்தேன். சிலர் பதிலே போடல, அவங்க மேஜை எப்படி இருக்கோ.

கீழ்வீட்டு அக்காவுக்குப் புது செட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போன வாரம் காபி குடிக்கக் கூப்பிட்டாங்க. அந்தக் கறுப்பு வட்டத்து மேலயே ஒரு கோஸ்டரை வெச்சிருந்தாங்க. பேசிக்கிட்டே இருக்கும்போது, நடுவுல ஒரு தடவை அதைத் தூக்கி, அடியில விரலால தடவிப் பார்த்துட்டு வெச்சாங்க.