முன்னூற்றி நாலு

எனக்கு மிகவும் பிடித்த சீட்டாட்டம் எதென்றால், யோசிக்காமல் சொல்லுவன்: யாழ்ப்பாணத்து வீடுகளில் விளையாடுற முன்னூற்றி நாலு.

32 சீட்டு, நாலு பேர், ரெண்டு சோடி. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டுமில்லை. ஒரு சின்னத்துக்கு 76; நாலுக்கும் 304. பெயர் வந்த வழி அதுதான்.

முதல் நாலு சீட்டைப் பார்த்தே கேள்வி கேட்க வேணும். வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். சோடிக்காரர் எதிரே இருந்தாலும் ஜாடை காட்டக் கூடாது; அவர் போடுற சீட்டை வைத்துத்தான் மனதை விளங்க வேணும்.

அதனால் எங்கட வீட்டில கோபமாக இருக்கிற ரெண்டு பேரைத்தான் சோடியாக இருத்துவம். ஆட்டம் முடிய, “ஏன் தம்பி, அந்தச் சீட்டைப் போட்டனீ?” என்று அண்ணா கேட்பார். பிறகென்ன, பேச்சுத் தொடங்கிவிடும்.