கருங்கல் தரும் உலோகங்கள்

செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். ஆயினும், இங்கிலாந்தின் கார்ன்வால் போன்ற சில இடங்களைத் தவிர, இயற்கை இவ்விரண்டையும் ஓரிடத்தில் மிகுதியாக வைப்பது அரிது. இரண்டும் கருங்கல்லையும் அதன் இனப் பாறைகளையும் ஒட்டிப் பிறப்பவையே. எனினும் அப்பாறைகளின் பிறப்பு வேறு வேறாகும்.

புவியின் மேற்பகுதி பெருந்தட்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது என்னும் கொள்கை 1960-களில் உருப்பெற்றது. பாறைகளின் பிறப்பு வேறுபாட்டை விளக்குவது இந்நகர்வே.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை நோக்குவோம். அங்கே கடலடித் தட்டு ஒன்று ஆண்டிஸ் மலைகளின் அடியே அமிழ்கிறது. ஆழத்தில் சூடேறிய கடற்பாறை தன் நீரை வெளிவிடுகிறது. அந்நீர் மேலுள்ள பாறையிற் புகவே, அது உருகிக் குழம்பாகி மேலெழுகிறது. குழம்பு ஆறுங்கால், அதிற் கரைந்திருந்த நீர் பிரிந்து, செம்பைச் சுமந்து சென்று பாறை வெடிப்புகளிற் படியவிடுகிறது. சிலி நாட்டின் சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கம், 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இவ்வாறு அமைந்த படிவேயாகும்.

மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கின் வரலாறு வேறு. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், இடையிலிருந்த கடல் மறைந்து, இரு நிலப்பகுதிகள் மோதின. மோதலால் தடித்த நிலப்பாறை, பழைய களிமண் படிவுகளோடு சேர்ந்து உருகிற்று. களிமண்ணிற் கலந்திருந்த கரிப்பொருளால் அக்குழம்பில் ஆக்சிஜன் குறைந்தது. அத்தகைய குழம்பில் வெள்ளீயம் முதலில் உறையும் படிகங்களிற் சிதறாது, எஞ்சிய குழம்பிலேயே திரள்கிறது. பின்னர் மழையும் வெயிலும் பாறையைச் சிதைக்க, பளுவான வெள்ளீயக் கனிமம் ஆற்று மணலில் தங்கிற்று. அதையே மக்கள் மரத்தட்டில் அலசி எடுத்தனர்.

நம் நாட்டிலோ மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்டில் கருங்கல்லோடு செம்பு உண்டு. பஸ்தரில் சிறிதளவு வெள்ளீயம் உண்டு. ஆயினும் நமக்கு வேண்டிய வெள்ளீயத்திற் பெரும்பகுதி அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. தெற்கே இத்தனை கருங்கற் குன்றுகள் இருந்தும் இக்குறை ஏன்? இத்தகைய படிவுகள் பெரும்பாலும் நிலமட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் ஆழத்திற்குள் அமைபவை. நம் தென்னாட்டுப் பாறைகள் பலவும் அதனினும் மிக்க ஆழத்தில் உருவாகி, மேலிருந்தவை அரிப்புண்டு போனபின் வெளிப்பட்டவை.

ஆகவே, கருங்கல்லைக் கண்டவுடன் புவியியலார் தோண்டத் தொடங்குவதில்லை. இது எவ்வாறு பிறந்தது, எவ்வளவு தேய்ந்தது என்று முதலில் வினவுகின்றனர். நாட்டின் பொருளும் உழைப்பும் வெறும் பாறையிற் கழியாமற் காப்பன அவ்விரு வினாக்களே.