மூன்றாம் இடத்துக்குப் போனவர் யார்?



தில்லி அரசியல் நெய்வேலியை அடுத்த இந்த வடக்குத்து மண்ணுக்குத் தூரத்துச் செய்தியல்ல. 2006 ஜூலையில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனப் பங்குகளை விற்க முயற்சி நடந்தபோது, இங்குள்ள தொழிலாளர்களின் போராட்டமும் கூட்டணியிலிருந்த தி.மு.க.வின் எதிர்ப்பும் சேர்ந்து, எல்லாப் பொதுத்துறைப் பங்கு விற்பனையையுமே மன்மோகன் சிங் அரசு நிறுத்திவைக்கும்படி செய்தன. ஒரு தொகுதியின் முடிவில் நாட்டின் போக்கைத் தேடும் கருத்தரங்குக்கு இது ஏற்ற இடம்.

இடைத்தேர்தலில் யார் வென்றார் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். யார் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார், யாரோடு யார் சேர்ந்தார்கள் என்பதில்தான் நாட்டின் போக்கு தெரியும் என்று நான் கருதுகிறேன்.

1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார். காமராசரின் பழைய காங்கிரஸ் இரண்டாமிடம். 1971-இல் 184 சட்டமன்ற இடங்களைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாமிடம். தில்லியை ஆண்ட இந்திராவின் காங்கிரஸ் அதற்கும் கீழே. எம்.ஜி.ஆரின் வெற்றியைக் கொண்டாடியவர்கள் அந்தக் கடைசி வரியைக் கவனிக்கவில்லை. தமிழ்நாட்டில் தேசியக் கட்சி இனி ஒரு திராவிடக் கட்சியின் தோளைப் பற்றித்தான் நிற்க முடியும் என்பது அன்றே எழுதப்பட்டுவிட்டது. 1977 மார்ச்சில் வடக்கே காங்கிரஸ் சரிந்தபோது, இங்கே அ.தி.மு.க.வோடு சேர்ந்து பெரும்பாலான இடங்களை அது வென்றது.

திண்டுக்கல்லுக்குப் பத்து ஆண்டு முன், 1963 மே மாதத்தில், அம்ரோகாவில் கிருபளானி, பரூக்காபாத்தில் லோகியா, ராஜ்கோட்டில் மினு மசானி ஆகியோர் காங்கிரசை வீழ்த்தினார்கள். அதே ஆண்டு திருவண்ணாமலைச் சட்டமன்றத் தொகுதியில் தி.மு.க.வின் ப.உ.சண்முகம் வென்றார். காமராசர் அந்த முடிவுகளைப் படிக்கத் தெரிந்தவர். அக்டோபரில் முதல்வர் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குப் போனார். ஆனாலும் காங்கிரசின் 1967 தோல்வியைத் தடுக்க முடியவில்லை.

ஏமாற்றிய முடிவுகளும் உண்டு. 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் காமராசர் பெருவெற்றி பெற்றதும் தி.மு.க.வின் காலம் முடிந்தது என்றார்கள். 1971-இல் அவர் நாகர்கோவிலை மட்டும் தக்கவைத்துக்கொண்டார், மாநிலம் தி.மு.க. பக்கமே நின்றது. 2018-இல் கோரக்பூரையும் பூல்பூரையும் பா.ஜ.க. இழந்தது, மறு ஆண்டே மக்களவையில் 303 இடங்களோடு திரும்பியது.

2019 ஏப்ரல் 18-ஐ மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். தருமபுரி மக்களவைத் தொகுதியைத் தி.மு.க. கைப்பற்றியது. அதற்குள் அடங்கிய அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் அன்றே நடந்த சட்டமன்ற இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. வென்றது. ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி, இரண்டு இயந்திரம். தில்லிக்கு ஒன்றும் கோட்டைக்கு ஒன்றுமாகப் பிரித்து அழுத்தியவர்கள் கணிசமாக இருந்தார்கள். வாக்காளருக்கு விவரம் போதாது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

என் கவலை வேறு. 2009 திருமங்கலத்துக்குப் பின் இங்கு இடைத்தேர்தல் என்றாலே அமைச்சர்கள் முகாமிடுவதும் பணம் புழங்குவதும் வாடிக்கையாயின. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகரில் பணப் பட்டுவாடாவால் தேர்தலே ரத்தானது. இதே சாலையில் வடக்கே இருக்கும் விக்கிரவாண்டியில், 2024 ஜூலையில் அ.தி.மு.க. போட்டியிடாமலே ஒதுங்கிக்கொண்டது. தி.மு.க. 67,757 வாக்கு வித்தியாசத்தில் வென்றது, பா.ம.க. இரண்டாமிடம். பிரதான எதிர்க்கட்சி இல்லாத களத்தில் அதன் வாக்குகள் எங்கே போயின என்பதை வெற்றி வித்தியாசம் மட்டும் சொல்லாது. புறக்கணிப்பு ஆளுங்கட்சிக்கு வலிக்காது; மக்கள் மனத்தை அறியும் வாய்ப்பைத்தான் பறிக்கிறது. கட்சிகள் புறக்கணிப்பைக் கைவிட வேண்டும்.

ஆய்வாளர்களே, தேர்தல் அலுவலர் தரும் படிவம் 20-இல் சாவடிவாரியாக வாக்குகள் இருக்கின்றன. விக்கிரவாண்டியின் 2019, 2021, 2024 படிவங்களை அருகருகே வைத்துப் படியுங்கள். பிறகு அந்தச் சாவடிகள் இருக்கும் ஊர்களுக்குப் போய் மக்களிடம் பேசுங்கள். அந்த வேலையை அடுத்த பொதுத்தேர்தலுக்கு முன் முடித்துத் தாருங்கள் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.