உள்ளது உள்ளபடி

(பறை, பேண்டு கலைக்குழுக்களின் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரண்டு நாளாகப் பறையின் அடி, அடவு, அரசியல் எல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள். மூன்றாம் நாள் காலையில் காசு விஷயம் பேச ஒரு வங்கிக்காரனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கவிஞர் என்று தோழர் அறிமுகப்படுத்தினார். கவிதையை இன்றைக்கு விட்டுவிடுவோம். பகலில் நான் எழுத்தர். கடன் கட்டாதவர்களுக்கு நோட்டீஸ் அடிப்பது, ஏல அறிவிப்பைப் பத்திரிகைக்கு அனுப்புவது எல்லாம் என் மேசை வேலை. எத்தனையோ வீடு, லாரி, தறி ஏலம் போவதைப் பார்த்திருக்கிறேன். இசைக்கருவி ஏலத்துக்கு வந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். பக்கத்து நகரத்தில் இசைக்கருவி விற்றும் பழுதுபார்த்தும் வந்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி திவாலாகி, கலைப்புக்குப் போய்விட்டது. கடையையும் கிடங்கையும் பூட்டியாகிவிட்டது. முதல் ஏலத்தில் கேட்பாரில்லை. குறைந்தபட்ச விலையைக் கால்பங்கு குறைத்து இரண்டாவது ஏலம் வரப்போகிறது. சட்டத்தில் அப்படிக் குறைக்க இடம் உண்டு. நம்மில் மூன்று குழுக்கள் பணம் திரட்டி வைத்திருக்கின்றன. போகலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. ‘அடுத்தவன் வயித்தெரிச்சல்ல வாங்கின பொருள் விளங்காது’ என்று நேற்று ஒரு தோழர் சொன்னாராம். நாம் வாங்காவிட்டால் பழைய பித்தளை வியாபாரி வாங்கி உருக்கப்போகிறான். அதனால் போகலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் பட்டியலைப் படித்துவிட்டுப் போக வேண்டும். படித்தால் போகிற விதமே மாறிவிடும்.

நான் படித்தேன். வீணைக்குத் தனி வரி. வயலினுக்குத் தனி வரி, அதற்கு நேரே தனி விலை. கீபோர்டுகளுக்குக் கம்பெனிப் பெயர், மாடல் எண் வரை இருக்கிறது. இறங்கிக்கொண்டே வந்தால் ஒரு வரி: ‘தோல் கருவிகள், நாட்டு, பழையது, 11 எண்ணம்.’ அவ்வளவுதான். சரக்கைப் பார்வையிட விட்ட நாளில் ஒரு பழைய பேண்டு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணிப் பார்த்தேன். தவில் இரண்டு, உறுமி ஒன்று, பம்பை இரண்டு, மீதி ஆறும் பறை. மதிப்பிட வந்தவர் படித்தவர்தான். ‘பறை’ என்ற இரண்டெழுத்தை எழுத அவருக்குக் கை வரவில்லை. பெயர் இல்லாத பொருளுக்கு விலை போட முடியாது. விலை போடாத பொருளை மொத்தமாகக் கட்டி மூலையில் போட்டுவிடலாம். ஆறு பறையும் மூலையில்தான் கிடந்தன. இரண்டின் தோலை எலி தின்றிருந்தது. பூட்டிய கிடங்கின் ஈரத்தில் தோல் எத்தனை நாள் தாங்கும்? கெட்டுப்போகிற பொருளை ஏலத்துக்குக் காத்திருக்காமல் நேராக விற்கவும் விதி இடம் கொடுக்கிறது. ஆனால் இது கெட்டுப்போகிற பொருள் என்று யாருக்குத் தோன்ற வேண்டும்? வீணை மேல் துணி போர்த்தியிருந்தது.

இன்னொரு வரி: ‘பித்தளைக் கருவிகள், கலப்பு.’ அதற்கு எண்ணிக்கை கூட இல்லை, எடைதான். ட்ரம்பெட், யூபோனியம், எக்காளம் எல்லாம் கிலோக் கணக்கு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நம் தெருக்களுக்கு பேண்டு செட் எப்படி வந்தது? வெள்ளைக்காரப் பட்டாளத்தின் வாத்தியம் அது. அது கல்யாண ஊர்வலத்துக்கு வந்தது, உத்தரப்பிரதேசத்து மீரட்டில் ஜாலி கோத்தித் தெருவில் பட்டறைகள் வைத்து இங்கேயே அடிக்க ஆரம்பித்தது, அதெல்லாம் ஊரறிந்த வரலாறு. நம் பையன்கள் அதை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். சாவுக்குப் பறை அடிப்பது ஊர் ஏவல். கூலி என்று கேட்க முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். வரமாட்டேன் என்றால் அடி விழும். பேண்டு அப்படியில்லை. முன்பணம் உண்டு, மணிக்கணக்கு உண்டு, ஒரே மாதிரி சட்டை உண்டு. ‘இத்தனைக்கு வர்றோம், இல்லைன்னா வேற ஆளப் பாருங்க’ என்று சொல்ல முடிகிறது. பறையைக் கீழே போடு என்று ஒரு தலைமுறை சொன்னது. பறைதான் நம் ஆயுதம் என்று 1990களில் அடுத்த தலைமுறை மேடையேற்றியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதைக் கையில் எடுத்தபோது இரண்டு பக்கமும் வாயடைத்துப் போனது. அந்த விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே சத்தமில்லாமல் ஒருவன் கந்துவட்டிக்கு வாங்கி ஒரு யூபோனியம் வாங்கினான். நம் சிறுபத்திரிகைகள் அவனைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவனுடைய அரசியலும் அரசியல்தான்.

அந்தக் கலப்புக் குவியலில் ஒரு யூபோனியத்தை வாத்தியார் தூக்கிப் பார்த்தார். வாய்ப்பகுதியின் உள்பக்கம் ஆணியால் கீறி ஒரு பெயரும் ஊர் முதலெழுத்தும் இருந்தன. ‘அடேய், இது நம்ம ஆளோடதுடா’ என்றார். தேடிப் போய்க் கண்டுபிடித்தோம். சேரியில்தான் வீடு. வால்வு இறங்கவில்லை என்று ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார். ஐந்நூறு ரூபாய் முன்பணமும் கொடுத்திருக்கிறார். பிறகு கடை பூட்டிவிட்டது. ‘நாலு தடவ போனேன் தம்பி. பூட்டப் பாத்துட்டு வந்தேன்’ என்றார். இப்போது ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வேறொருவர் கருவியை நாள் வாடகைக்கு எடுத்துத்தான் ஊதுகிறார். கூலியில் பாதி வாடகைக்குப் போகிறது. அவருடைய சொந்தக் கருவி கிலோக் கணக்கில் ஏலத்துக்குக் காத்திருக்கிறது.

சார்லி பார்க்கர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கறுப்பின இசைக் கலைஞர். காசில்லாதபோதெல்லாம் தன் சாக்ஸபோனை அடகு வைத்துவிடுவார். 1953 மே 15 அன்று டொரண்டோவின் மாசி ஹாலில் அவர் ஊதியது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸபோன். 1955இல் 34 வயதில் செத்துப் போனார். அந்த பிளாஸ்டிக் கருவி 1994இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 93,500 பவுண்டு. நம் யூபோனியக்காரருக்கு இப்படியெல்லாம் நடக்கப்போவதில்லை. அவருக்கு வேண்டியது வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னால் அந்தக் கருவி.

சட்டத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின்படி கம்பெனியைக் கலைத்து, சொத்தை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுகிறவர் லிக்விடேட்டர். அவர் கம்பெனியின் சொத்தைத்தான் விற்கலாம். கம்பெனியின் கையில் இருக்கிற பிறத்தியார் பொருளை விற்கக் கூடாது. 36ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் இது தெளிவாக இருக்கிறது. ரிப்பேருக்கோ பாதுகாப்புக்கோ ஒப்படைத்த பொருள் அதற்குள் வந்துவிடும். கடன் பாக்கியைக் கோருவதற்கு 30 நாள் கெடு உண்டு. ‘அது முடிஞ்சு போச்சு’ என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். நான் கடன் கொடுத்தவன் அல்ல, பொருளுக்கு உடைமைக்காரன் என்று எழுதிக் கொடுங்கள். ரிப்பேர் கூலி பாக்கி என்பார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, வேலையை முடித்தவன் கூலி வாங்கும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்கிறது. வேலையை முடித்திருக்க வேண்டும் என்பது முக்கியம். வால்வு இன்னும் இறங்கவில்லை. பிறகு எந்தக் கூலி?

யூபோனியக்காரரிடம் சீட்டு இல்லை. மழையில் கூரை ஒழுகி நனைந்து போய்விட்டது. கடிதம் எழுதினோம், சான்று கேட்டுப் பதில் வந்தது. சான்றுக்கு எங்கே போவது? அந்தக் கடையில் பதினைந்து வருஷம் பழுதுபார்த்த ஒரு கைத்தொழிலாளி இருக்கிறார். எந்தக் கருவி யாருடையது என்று அவருக்கு மனப்பாடம். அவர் எழுதிக் கொடுத்தார். யூபோனியமும் அவர் அடையாளம் காட்டிய ஒரு கிளாரினெட்டும் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன. இன்னும் நான்கு கருவிகளில் கீறிய எழுத்தோ நூல் கட்டோ இருக்கிறது. யாருடையவை என்று தெரியவில்லை.

எழுதிக் கொடுத்த அந்த மனிதரின் கதை தனி. அவருக்கே எட்டு மாதக் கூலி பாக்கி. 53ஆம் பிரிவு தொழிலாளியின் 24 மாத பாக்கியை, அடமான உரிமையை விட்டுக்கொடுத்துப் பொதுப் பங்குக்கு வருகிற வங்கிக்குச் சமமாக வரிசையில் வைக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் இவர் சம்பளப் பட்டியலில் இல்லை, பீஸ் ரேட். எனவே நீ தொழிலாளியே இல்லை, வெளியாள், வரிசையின் அடியில் நில் என்கிறார்கள். பதினைந்து வருஷம் அதே பலகையில் உட்கார்ந்தவர் வெளியாள். கடைக்கு வந்துபோன வேலைச் சீட்டுகளை அவர் சேர்த்து வைத்திருக்கிறார். அதைக் கொண்டு வாதாட ஒரு வழக்கறிஞர் தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு சேதியும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவில், கைவினைஞனின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்று இருக்கிறது. வாத்தியக்காரனின் வாத்தியமும் அதில் சேரும் என்று வாதாடலாம். வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் அவ்வளவு இரக்கம் காட்டுகிறது. ஆனால் வங்கியில் கடன் வாங்கி ட்ரம்பெட் வாங்கும்போது அந்த ட்ரம்பெட்டையே கடனுக்கு ஈடாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் அந்தப் பாதுகாப்பைச் சொல்லிவிட்டு, கடனுக்கு ஈடாகக் குறிப்பிட்டு எழுதிய பொருளுக்கு மட்டும் அது இல்லை என்று அடைப்புக்குறிக்குள் கழித்துவிடுகிறது. ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தருகிறவன் நான்தான். படித்துப் பார்த்துவிட்டுப் போட்டவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

சரி, வாங்குகிற விஷயம். ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்பதுதான் ஏலத்தின் முதல் நிபந்தனை. வாங்கிய பிறகு ஓட்டை, விரிசல் என்று திரும்பிப் போக முடியாது. எனவே பார்வை நாளில் ஊதத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். மேடைப் பேச்சாளரைக் கூட்டிப் போகாதீர்கள். வாத்தியார் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். ட்ரம்பெட்டில் நசுங்கல் இருந்தால் கவலைப்படாதே, தட்டி எடுத்துவிடலாம். வால்வை அமுக்காமல் நடு ஸ்லைடை வெடுக்கென்று உருவினால் ‘பொப்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வால்வு தேய்ந்து காற்று கசிகிறது. வால்வுகளில் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். இடம் மாற்றிப் போட்டிருந்தால் காற்றே போகாது, கருவி செத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். கிளாரினெட்டின் ஓட்டைகளை எல்லாம் பொத்தி, அடியை உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சிப் பார். இழுவை நின்றால் பேடு நன்றாக இருக்கிறது. மரத்தில் முடி மாதிரி கோடு ஓடுகிறதா என்று வெயிலில் காட்டிப் பார். பறைக்குத் தோலை மாற்றிக்கொள்ளலாம், கட்டை மூன்றும் சேர்கிற மூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஏலம் கணினி வழியில். குழுவின் பெயரில் பான் அட்டை இல்லாவிட்டால் ஒருவர் பெயரில்தான் பதிய வேண்டும். மூன்று குழுவும் தனித்தனியாக நின்று ஒருவர் விலையை இன்னொருவர் ஏற்றாதீர்கள். ஒரே ஆளாகக் கேளுங்கள். யார் பெயரில், யாருக்கு எத்தனை பங்கு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தோழமை வேறு, கணக்கு வேறு. டேவணித் தொகை குறைந்தபட்ச விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாது. மீதியைக் கட்ட 90 நாள் உண்டு, 30 நாள் தாண்டினால் 12 சதவீத வட்டி. 90 நாளிலும் கட்டாவிட்டால் விற்பனையே ரத்து. ஜி.எஸ்.டி. தனி.

உடைமைக் கடிதம் போட்டால் ஏலம் தள்ளிப்போகும், வியாபாரி மோப்பம் பிடித்துவிடுவான், நமக்குக் கிடைப்பது கிடைக்காமல் போகும் என்று ஒரு குழுத் தோழர்கள் சொல்கிறார்கள். ‘வாங்கிட்டு அப்புறம் அவங்கவங்ககிட்ட குடுத்துரலாமே’ என்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் விலை நம்மைத் தாண்டிப் போனால் நாம் கொடுக்க என்ன இருக்கும்? பித்தளை உருகிய பிறகு பெயர் எங்கே இருக்கும்? அதனால் கடிதம் முதலில், ஏலம் பிறகு. தள்ளிப்போனால் போகட்டும், திரட்டிய பணம் கெட்டுப்போகாது. தோல் கருவி வரிக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஆறு பறையையும் பறை என்றே எழுதித் தனி லாட்டாகப் பிரித்துப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேப்பமரத்தடியில் உட்காருகிறேன், வெள்ளைத்தாளும் பேனாவும் இருக்கும். அந்தக் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்துத் திரும்பி வராத கருவி உங்களுக்கோ உங்கள் ஊரில் யாருக்காவதோ இருந்தால் வாருங்கள். என்ன கருவி, என்ன அடையாளம், ஏறக்குறைய எந்த மாதம் கொடுத்தது என்று சொன்னால் போதும். சீட்டு இல்லாதவர்களும் வாருங்கள்.