சுயெஸ் கரையில் மூண்ட தீ

"எங்கோ நடக்கும் சிறுபோர்" என்று எதனையும் நாம் அசட்டை செய்தலாகாது. 1973 ஒக்டோபர் 6இல், இழந்த நிலத்தை மீட்க எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல்மீது படையெடுத்தன. 22ஆம் நாள் ஐ. நா. பாதுகாப்புச் சபை போர்நிறுத்தம் கோரியது. அதன் பின்னரும் இஸ்ரேலியர் முன்னேறி, எகிப்தின் மூன்றாம் சேனையைச் சுயெஸ் அருகே வளைத்தனர். சோவியத் நாடு தனித்தேனும் தலையிட நேரிடுமென்று 24ஆம் நாள் பிரெஷ்னேவ் வாஷிங்டனுக்கு எழுதினார். அன்றிரவே அமெரிக்கா தன் அணுப்படைகளையும் உஷார்நிலையில் நிறுத்தியது. அம்முடிவெடுத்த கூட்டத்தில் ஜனாதிபதி நிக்சன் இருக்கவேயில்லை! வல்லரசின் நட்பே சிறு நாட்டிற்குக் காவலென்பார் இதற்கு என்ன விடை கூறுவர்? இரு சாராரின் நட்புமன்றோ அந்நெருப்பை அணுகுண்டின் வாயில்வரை கொணர்ந்தது! மறுநாள், நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தும் சேராத ஐ. நா. படையொன்றை அமைக்கச் சபை தீர்மானித்தது. முற்றுகையுண்ட சேனைக்கு உணவும் தண்ணீரும் செல்ல வழி திறந்தது அதன் பின்னரே.