கயிறு இழுத்தும் கிளம்பாத எஞ்சின்

(கொல்கத்தாவில் பல ஆண்டுகள் மெக்கானிக் கடை வைத்திருந்தவர், சொந்த ஊருக்கு வந்தபோது கற்போர் கூட்டத்தில் பேசியது.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. கையில் ஸ்பேனர் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். அதனால் எனக்குத் தெரிந்ததையே பேசுகிறேன். இந்த ஊரில் இப்போது புல்வெட்டும் மெஷின் வந்துவிட்டது. மருந்து அடிக்கும் மெஷின் இருக்கிறது. சிலர் வீட்டில் பெட்ரோல் பம்பு இருக்கிறது. மரம் அறுக்கும் மெஷினை வாடகைக்கு எடுக்கிறோம். எல்லாமே கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன எஞ்சின்கள். வேலை நாளில் அது கிளம்பவில்லை என்றால் என்ன ஆகும்? அன்றைய கூலி போச்சு. வாடகையும் கட்ட வேண்டும்.

முதலில் ஒரு நடந்த கதை சொல்கிறேன்.

நான் கடை வைத்திருந்தது தெற்குக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம். அங்கே தமிழர்கள் நிறைய. காலையில் இட்லியும் கிடைக்கும், வாழை இலையும் கிடைக்கும். பக்கத்திலேயே ரவீந்திர சரோவர் என்ற பெரிய ஏரி. ஏரியைச் சுற்றி மரங்கள்.

2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி. அன்று உம்பன் புயல் அடித்தது. இரவு முழுவதும் காற்றின் ஊளை. காலையில் கதவைத் திறந்தால் தெருவைக் காணோம். மரம்தான் தெரிகிறது. நகரம் முழுவதும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்துவிட்டன. மின்சாரக் கம்பிகள் அறுந்து கிடந்தன. பல இடங்களில் பல நாள் கரண்டு இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹௌராவில் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அங்கே உலகம் அறிந்த பெரிய ஆலமரம். அதுவும் அடிபட்டது. உங்களுக்கு இது புரியும். 2018 நவம்பரில் கஜா புயலில் நம் தென்னைகள் விழுந்ததைப் பார்த்தவர்கள்தானே நீங்கள்.

மரத்தை அறுக்க ஆள் இல்லை, மெஷின் போதவில்லை. மே 23-ஆம் தேதி மாநில அரசு ராணுவத்தைக் கூப்பிட்டது. ஒடிசாவிலிருந்தும் மரம் அறுக்கும் மெஷின்களோடு ஆட்கள் வந்தார்கள். ஆனால் சின்னச் சந்துகளுக்கு அவர்கள் எப்போது வருவது?

எங்கள் பக்கத்துச் சந்தில் ஒரு பெரியவர். சிறுநீரகம் கெட்டுப் போனவர். வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். சந்து வாசலில் ஒரு குல்மொகர் மரம் குறுக்கே கிடக்கிறது. வண்டி வர முடியாது. பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு தோட்டக்காரர். அவரிடம் மரம் அறுக்கும் மெஷின் உண்டு. ஆனால் அது கிளம்பவில்லை. இழுத்து இழுத்து அவர் தோள் வீங்கிவிட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தார். "தாதா, மெஷின் செத்துப் போச்சு" என்றார் வங்காளியில். தாதா என்றால் அங்கே அண்ணன்.

நான் கயிற்றைத் தொடவே இல்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். "கடைசியாக எப்போது பெட்ரோல் ஊற்றினாய்?"

அவர் யோசித்தார். மார்ச் மாதம் என்றார். சரிதான். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அதன் பிறகு மெஷினை யாரும் தொடவில்லை. இரண்டு மாதம் அதே பெட்ரோல் டேங்கில் நின்றிருக்கிறது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசம் இல்லை. பழைய வார்னிஷ் மாதிரி ஒரு புளித்த நாற்றம்.

பழைய பெட்ரோலைக் கொட்டினேன். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தேன். பிளக்கைக் கழற்றிக் காயவைத்தேன். என் ஸ்கூட்டரிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் எடுத்தேன். அளவாக ஆயில் கலந்தேன். மூன்றாவது இழுப்பில் மெஷின் கிளம்பியது. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம். மெஷின் சாகவே இல்லை. பெரியவரும் அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு, காற்று, நெருப்பு. எஞ்சினுக்கும் அதே மூன்றுதான். விறகுக்குப் பதில் பெட்ரோல். நெருப்புக்குப் பதில் பிளக்கில் வரும் பொறி. காற்று இரண்டுக்கும் ஒன்றே. இந்த மூன்றில் எது வரவில்லை என்று தேட வேண்டும். ஐந்தாறு தடவை இழுத்தும் கிளம்பவில்லையா? நிறுத்துங்கள். ஐம்பது தடவை இழுத்தால் கயிறு அறும், தோள் போகும், பெட்ரோல் உள்ளே தேங்கும்.

முதலில் காசு செலவில்லாத வேலைகள். சுவிட்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். என் கடைக்கு வந்த எத்தனையோ மெஷினில் சுவிட்சுதான் அணைந்து கிடக்கும். சுவிட்சில் ஒரு கோடு, ஒரு வட்டம் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் இருந்தால் ஓடும். வட்டத்துப் பக்கம் இருந்தால் நிற்கும். பிறகு பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா பாருங்கள். டேங்க் மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கைப் போடுங்கள். சூடாக இருந்தால் சோக்கு வேண்டாம். சில பம்புகளில் எஞ்சின் ஆயில் குறைந்தால் பொறியே வராதபடி வைத்திருக்கிறார்கள். ஆயிலையும் பாருங்கள்.

அடுத்தது பிளக். இதுதான் எஞ்சினின் நாக்கு. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்கிறார் அல்லவா? அதுபோல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. குழாய், பில்டர், கார்புரேட்டர், இவற்றில் எங்கோ அடைப்பு. நுனி நனைந்து சொட்டினால் பெட்ரோல் அதிகம் போய்விட்டது. அப்போது சுவிட்சை அணையுங்கள். பிளக் இல்லாமலே கயிற்றை ஆறேழு தடவை இழுங்கள். தேங்கியது வெளியே வரும். துளை முகத்துக்கு நேராக இருக்கக் கூடாது. பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கு இல்லாமல் இழுங்கள். நுனியில் கரி பிடித்திருந்தால் தேயுங்கள். பிளக் நுனியில் இருக்கும் இடைவெளி பல சின்ன எஞ்சின்களில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

பொறி வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பெட்ரோல் கேனைத் தூரமாக வையுங்கள். சிந்தியதைத் துடையுங்கள். பிளக் துளையைத் துணியால் அடையுங்கள். சுவிட்சைப் போடுங்கள். பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி, ரப்பர் கைப்பிடி உள்ள குறட்டால் பிடியுங்கள். ஒருவர் கயிற்றை இழுக்கட்டும். நீலப் பொறி தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் புது பிளக் போட்டுப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் காயில் பழுது. அது மெக்கானிக் வேலை.

பெட்ரோலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்து மெஷின் வந்தால் அதில் பாதிக்கு மேல் இந்த வியாதிதான். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 100-க்கு 20 பங்கு வரை. எத்தனால் என்பது ஒரு வகைச் சாராயம். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கொல்கத்தா மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். நம் கடலோரமும் அப்படித்தான். ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அதை ஊற்றக் கூடாது. ஒரு மாதத்துக்கு மெஷின் வேலை இல்லையா? டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, தானாக நிற்கும் வரை விடுங்கள்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்பும் இருக்கிறது. வங்காளத்து விவசாயிகளிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்திவிட்டால் மறுநாள் கிளம்பாது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. நிறுத்தும் முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால் கார்புரேட்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மண்ணெண்ணெயை வடித்துவிடுங்கள்.

காற்றுக்கு வருவோம். ஏர் பில்டர் பஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். காகிதமாக இருந்தால் தட்டினால் போதும். சைலன்சர் துளையையும் பாருங்கள். அங்கே குளவி கூடு கட்டியிருக்கும்! புகை வெளியே போகாமல் எஞ்சின் எப்படிக் கிளம்பும்? ஒரு குளவிக்காக ஒரு தம்பி புது கார்புரேட்டர் வாங்கிவிட்டான். எனக்கு வருத்தமாக இருந்தது.

இன்னொரு தம்பி கதையும் இருக்கிறது. புல்வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்தான். டேங்க் மேலே 50:1 என்று எழுதியிருந்தது. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்று இருந்தால் 40 மில்லி. அவனுக்குப் படிக்கத் தெரியாது. கேட்கக் கூச்சம். வெறும் பெட்ரோலை ஊற்றினான். மதியத்துக்குள் பிஸ்டன் இறுகிவிட்டது. பல நாள் கூலி அதற்கே போயிற்று. அவனை நான் திட்டவில்லை. நானும் முப்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் படித்தது ஒரு பிளக் டப்பாவை.

கடைசியாக ஒன்று. இது உயிர் விஷயம். 2025 செப்டம்பர் 23 அன்று கொல்கத்தாவில் ஒரே இரவில் 250 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தெருத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். அதனால் தண்ணீர் இறைக்கப் பெட்ரோல் பம்பு நல்லது என்று நினைப்போம். ஆனால் அதைக் கிணற்றுக்குள்ளோ மூடிய அறையிலோ வைக்காதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசம் இல்லை. தலை சுற்றும், விழுந்துவிடுவோம். மெஷின் வெளியே இருக்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். மரம் அறுக்கும் மெஷினைத் தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுங்கள்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா ஏதோ மெஷின் கொண்டு வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறதே? மருந்து அடிக்கிறதா? உள்ளே மருந்து மிச்சம் இல்லையே? சரி, இப்படி வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். யாராவது பிளக் ஸ்பேனர் எடுங்கள். முதலில் சுவிட்சு எந்தப் பக்கம் இருக்கிறது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.